ஏரித் தண்ணீரின் நாட்கணக்கும் காய்கறி விதையும்

திருவள்ளூருக்கும் அரக்கோணத்திற்கும் இடையே ரயில் பாதையை ஒட்டியுள்ள கடம்பத்தூரைச் சுற்றிய கிராமங்களில், சம்பா அறுவடையாகிக் களத்துவேலை ஓய்ந்ததும் குடியானவர்கள் முன் வருஷந்தோறும் ஒரே கேள்வி வந்து நிற்கிறது. ஏரியில் தண்ணீர் இருக்கிறது. ஆனால் அது நவரை நெல் முற்றும்வரை நிற்குமென்று உறுதியாகச் சொல்வதற்கில்லை. நிலத்தைத் தரிசாக விடவும் மனம் ஒப்பவில்லை. இந்நிலையில் காய்கறி பயிரிடலாம் என்ற முடிவுக்கு வருவோர் பலர். முடிவு சரியானதே. ஆனால் எந்தக் காய்கறியை, எந்த ரக விதையைக்கொண்டு பயிரிடுவது என்பதைத் தண்ணீரின் நாட்கணக்கைப் பார்த்துத் தீர்மானிப்போர் சிலரே. சென்ற மாதம் சந்தையில் கத்தரிக்காய் நல்ல விலைக்குப் போயிற்று என்று கேள்விப்பட்டுக் கத்தரி நடுகிறவரே அதிகம். அவருடைய செடி பூத்துக் குலுங்கும் சமயத்தில் மதகில் தண்ணீர் வருவது நின்றுபோகிறது. காய் வராவிட்டாலும் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனுக்குத் தவணை வராமலிருப்பதில்லை.

இவ்வட்டாரத்து ஏரிகளை நிரப்புவது ஐப்பசி முதல் மார்கழி வரையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழை. கொசஸ்தலையாறு அருகே ஓடுகிறது. கேசாவரம் அணைக்கட்டில் அதிலிருந்து பிரியும் கூவம் ஆறும் இப்பக்கத்துக் கிராமங்களின் வழியாகவே செல்கிறது. எனினும் இவை மழைக்காலத்தில் பெருகிப் பின்னர் மணலாகக் கிடப்பவை. 1944-ல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் பக்கத்திலேயே இருந்தபோதிலும், அது சென்னைப் பட்டணத்தின் குடிதண்ணீருக்காக ஏற்பட்டது. ஆகவே தை மாதத்திற்கு மேல் இங்குள்ள விவசாயிக்குக் கைகொடுப்பவை ஊர் ஏரியும் சொந்தக் கிணறுமேயாகும். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலின்போது பெய்ததுபோல் ஒரே மூச்சில் மழை கொட்டிவிட்டால் ஏரி நிரம்பும். ஆனால் வெள்ளம் வடிந்து நிலம் உழவுப் பதத்திற்கு வருவதற்குள் நாட்கள் வாரக்கணக்கில் கழிந்துவிடும். தண்ணீர் அதிகமாக இருந்தும் பருவம் குறுகிப்போவது இவ்வாறுதான்.

ஆதலால் விதைக் கடைக்குப் போகுமுன் நாட்கணக்கைப் போடவேண்டும். அது கடினமான கணக்கன்று. மதகு திறக்கும் நீர்க்கட்டியைக் கேட்டால், இவ்வளவு ஆழம் தண்ணீர் இருந்த வருஷங்களில் எந்த மாதம் வரையில் கடைமடைக்குப் பாய்ந்தது என்பதை அவர் சொல்லிவிடுவார். உதாரணமாக, தை 20-ந் தேதி வாக்கில், அதாவது பிப்ரவரி 3-ந் தேதி, நிலம் விதைப்புக்குத் தயாராகுமென்றும், பங்குனி முடிய, அதாவது ஏப்ரல் 13-ந் தேதி வரையில், தண்ணீர் கிடைக்குமென்றும் வைத்துக்கொள்வோம். இடைப்பட்டவை ஏறக்குறைய 70 நாட்கள். அந்த 70 நாட்களுக்குள் அடங்குவதே அந்த நிலத்திற்கு உரிய காய்கறி. சொந்தக் கிணறு உள்ளவர் அதன் ஊற்றுக்குத் தக்கபடி மேலும் சில வாரங்கள் சேர்த்துக்கொள்ளலாம். கிணறு இல்லாதவர் சேர்த்துக்கொள்வது வீண் ஆசை.

விதைப் பொட்டலத்திலும் துண்டுப் பிரசுரங்களிலும் அச்சிடப்படும் வயதைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். நெல்லுக்கு 110 நாள் என்றால் 110-ம் நாள் அறுவடை. அதோடு காரியம் முடிந்தது. காய்கறிக்கு அப்படியன்று. முதல் காய் பறிக்கும் நாள் ஒன்று; செடி ஓய்ந்து பிடுங்கும் நாள் மற்றொன்று. வெண்டைக்கு 45-ம் நாள் வாக்கில் முதல் பறிப்பு; அதன்பின் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்துக்கொண்டே போகலாம். முழுவயது 100 நாளைக் கடந்தாலும், 70-ம் நாள் தண்ணீர் நின்றால் பன்னிரண்டு பறிப்பாவது கைக்கு வந்திருக்கும். பாகலோ முதல் பறிப்புக்கே 55, 60 நாள் கேட்கிறது. அதன் மகசூலில் பெரும்பகுதி அதற்குப் பிறகுதான். தர்ப்பூசணி 85 நாளுக்கு மேல் சென்று ஒரே தடவையாகக் கொடுப்பது. 80-ம் நாள் தண்ணீர் நின்றால் மிஞ்சுவது கொடியும் பிஞ்சுமே. ஆகவே குறுகிய பருவத்தில் பார்க்கவேண்டியது முழுவயதை அன்று. முதல் பறிப்பு நாளையும், அதற்குப் பின் எஞ்சும் நாட்களையும்.

இந்தக் கண்ணோட்டத்தில் கீரைக்கு இணையானது வேறில்லை. சிறுகீரையும் முளைக்கீரையும் 25 நாளில் பிடுங்குவதற்கு வந்துவிடும். அரைக்கீரையை ஒரு மாதத்திலிருந்து அறுத்து அறுத்து எடுக்கலாம். ஏக்கருக்கு ஒரு கிலோ விதை போதும். முள்ளங்கியில், டில்லி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த பூசா சேத்கி என்னும் ரகம் உஷ்ணத்தைத் தாங்கி 40 முதல் 45 நாளில் கிழங்கு தருவது. 40-ம் நாள் முள்ளங்கியை எடுத்து, நான்கு நாளில் மண்ணைக் கிளறிப் பாத்தி திருத்தி, சிறுகீரை தெளித்தால் 69-ம் நாள் அதுவும் கைக்கு வந்துவிடுகிறது. 70 நாள் தண்ணீரில் இரண்டு மகசூல். காலை மின்ரயிலில் கட்டுக்கட்டாகக் கீரையைப் பட்டணத்திற்கு எடுத்துச் செல்லும் வசதி கடம்பத்தூருக்கு உண்டு. பிடுங்கிய அன்றே விற்றாகவேண்டிய சரக்குக்கு இதைவிட வேறு அனுகூலம் வேண்டியதில்லை. கீரை விதையை மணலுடன் கலந்து தெளிப்பது யாவரும் அறிந்த வழக்கம். எறும்பு அவ்விதையை இழுத்துப் போவதைத் தடுக்கப் பாத்தி வரப்பில் நொய் தூவிவைப்பது பெரியவர்கள் கண்ட உபாயம். அதற்கு ஆகும் செலவு ஒரு பிடி நொய்தான்.

கொத்தவரையும் காராமணியும் ஒன்றரை மாதத்தை ஒட்டிக் காய்க்கத் தொடங்கும். 90 நாள் வாக்கில் ஓயும். கொத்தவரையில் பூசா நவ்பகார் என்ற கிளையில்லா ரகம் நெருக்கி விதைப்பதற்கு ஏற்றது. இவ்விரண்டும் வேர்முண்டுகளின் மூலம் காற்றிலுள்ள தழைச்சத்தை ஈர்த்துக்கொள்வன. தண்ணீர் ஒருமுறை தவறினாலும் உடனே சோர்ந்துவிடாதவை. வெள்ளரிக்கும் முதல் பறிப்பு 45 நாள் அளவில்தான். ஆயினும் கடும் உஷ்ணத்தில் பூசணி இனத்துக் கொடிகள் ஆண்பூக்களை மிகுதியாகவும் பெண்பூக்களைக் குறைவாகவும் விடும் சுபாவமுள்ளவை. ஆதலால் வெள்ளரியை மாசி பிறக்குமுன் ஊன்றிவிடுவது நலம்.

கத்தரியை அறவே விலக்கவேண்டுமா? வேண்டுவதில்லை; ஆனால் நாற்றங்காலை எப்போது விடுவது என்பதில் இருக்கிறது சூட்சுமம். கத்தரி நாற்று 30 முதல் 35 நாள் நாற்றங்காலில் இருக்கும். சம்பா அறுவடையான பின் விதை தெளித்தால் அந்த ஒரு மாதம் ஏரித் தண்ணீரின் கணக்கிலேயே கழிந்துபோகிறது. சம்பாப் பயிர் வயலில் நிற்கும்போதே, மார்கழி நடுவில், வீட்டுக் கொல்லையிலோ கிணற்றடியிலோ ஒரு சென்ட் மேட்டுப்பாத்தியில் விதையைப் போட்டுவைத்தால், தை 20-ல் 35 நாள் நாற்று தயார். நட்ட 55, 60 நாளில் காய் வரத் தொடங்கும். கிணறுள்ளவருக்கு இது லாபம். கிணறு இல்லாதவருக்கு 70 நாள் கணக்கில் மூன்று நான்கு பறிப்புக்கு மேல் தேறாது. அவர் கத்தரியை ஆடிப்பட்டத்திற்கு வைத்துக்கொள்வதே விவேகம்.

தக்காளி விஷயத்தில் தண்ணீரைவிட உஷ்ணமே தடையாகிறது. இரவிலும் வெப்பம் தணியாமலும் பகலில் 35 பாகை செல்ஷியஸுக்கு மேலும் போகும் நாட்களில் தக்காளியின் மகரந்தம் கெட்டுப் பூ உதிர்ந்துவிடும். மாசியில் நட்ட தக்காளி பங்குனி, சித்திரையில் பூக்கும். இங்கு அப்போது உள்ள வெயில் யாவரும் அறிந்ததே. பெரியகுளத்தில் அண்ணஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து உண்டாக்கப்பட்ட பி.கே.எம்.1 முதலிய நல்ல ரகங்கள் உண்டு. எந்த நல்ல ரகமும் தவறிய மாதத்தில் நட்டால் காய்க்காது. விதையைக் குறைசொல்லிச் சங்கத்திற்கு வரும் புகார்களில் சில, உண்மையில் பஞ்சாங்கத்தின்மேல் சொல்லவேண்டியவை.

இக்கோடைப் பருவத்தில் கடம்பத்தூர் வட்டாரத்திற்கு முக்கியமான பணப்பயிர் வெண்டையாதலால் அதன் விதையைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். வெண்டைக்குப் பெரும்பகை மஞ்சள் நரம்புத் தேமல். இலை நரம்புகள் முதலில் மஞ்சளாகி, பிறகு இலை முழுவதும் வெளுத்து, காயும் வெளிறிச் சிறுத்துவிடும். இது ஒரு வைரஸ் நோய். வெள்ளை ஈ பரப்புகிறது. வெயில் ஏற ஏற வெள்ளை ஈ பெருகும். ஆகையால் தையில் விதைத்த வெண்டையைவிட மாசிக் கடைசியில் விதைத்த வெண்டை அதிகம் பாதிக்கப்படுகிறது. வந்த பின் தீர்க்க மருந்தில்லை; தாங்கும் ரகத்தைத் தேர்ந்தெடுப்பதே காப்பு.

1960களில் நாடெங்கும் பரவிய பூசா சவானி என்ற வெண்டை, வந்த புதிதில் இந்நோயைத் தாங்கிற்று. அதன் காய் அழகும் சந்தைக்குப் பிடித்திருந்தது. நாளடைவில் அதன் தாங்கும் சக்தி அழிந்தது. பின்னர், பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் வெண்டையை அதன் காட்டினம் ஒன்றுடன் கலந்து, அதனிடமிருந்த எதிர்ப்புச் சக்தியை நாட்டு வெண்டைக்குக் கொண்டுவந்து, அர்க்கா அனாமிகா என்ற ரகத்தை உண்டாக்கினர். இதுவும் முன்போல் முழுப் பாதுகாப்பு அளிப்பதில்லையெனப் பல இடங்களில் காணப்பட்டுள்ளது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் நோய் தாங்கும் ஒட்டுரகங்களை வெளியிட்டிருக்கிறது. எனவே வெண்டை விதையில் "போன வருஷம் நன்றாயிருந்தது" என்பது போதிய காரணமாகாது. சென்ற கோடையில் பக்கத்து வயல்களில் எந்த ரகத்தில் தேமல் குறைவாகத் தென்பட்டது என்பதை விசாரித்தே வாங்கவேண்டும். திரூரிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தாரிடம் கேட்பது அதனினும் நலம்.

ரகம் தீர்மானமான பின் விதையின் முளைப்புத்திறன். குறுகிய பருவத்தில் இதன் மதிப்பைப் பலர் உணர்வதில்லை. சட்டப்படி விற்பனை விதைக்குக் குறைந்தபட்ச முளைப்பு வெண்டைக்கு நூற்றுக்கு 65, கத்தரிக்கும் தக்காளிக்கும் முள்ளங்கிக்கும் 70, காராமணிக்கு 75, பாகல் முதலிய கொடிகளுக்கு 60. பாதியே முளைத்த வெண்டை வயலில் பத்தாம் நாள் சந்துவிட்ட இடங்களில் மறுபடி விதை ஊன்றுகிறார்கள். நீண்ட பருவத்தில் அதனால் பெரிய நஷ்டமில்லை. 70 நாள் தண்ணீரில் முதலில் முளைத்த செடிக்குப் பறிப்பு நாட்கள் 25. பத்து நாள் தாமதித்துப் போட்ட செடிக்கு 15 மட்டுமே. ஐந்தில் இரண்டு பங்கு மகசூல் விதைக்கும் அன்றே போய்விட்டது. பழைய விதையில் இன்னொரு தீங்கும் உண்டு. அது முளைத்தாலும் மெதுவாகவும் முன்பின்னாகவும் முளைக்கும்.

ஆகையால் வாங்கிய விதையை வயலுக்குக் கொண்டுபோகுமுன் வீட்டில் பரீக்ஷிக்கவேண்டும். நூறு விதைகளை, நல்லது பொறுக்காமல், கைக்கு வந்தபடி எண்ணி எடுக்கவும். பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து, அதில் வரிசையாக வைத்துச் சுருட்டி, நிழலில் வைத்து, துணி காயாதபடி தண்ணீர் தெளித்துவரவும். முள்ளங்கி, காராமணி, கீரை ஆகியவற்றின் முளையை ஒரு வாரத்திலும், வெண்டையை எட்டுப் பத்து நாளிலும், கத்தரி தக்காளியை இரண்டு வாரத்திலும் எண்ணிப்பார்க்கலாம். வேரும் குருத்தும் சீராக வந்தவற்றையே கணக்கில் சேர்க்கவேண்டும். அழுகியதும், வளைந்து நின்றதும் முளையல்ல. கலியாணத்தில் பாலிகை தெளிப்பதும், அம்மன் கோயிலில் முளைப்பாரி வளர்ப்பதும் இந்நாட்டில் தொன்றுதொட்டு வருபவை. அவ்வருஷத்து விதையின் தராதரம் ஊரார் கண்முன் தெரிய அவையும் ஒரு வழியாயின. நூறு விதைக்கு இரண்டு வாரம் ஒதுக்குவதென்றால் விதையை மார்கழியிலேயே வாங்கியிருக்கவேண்டும். உழவு முடிந்த மறுநாள் கடைக்கு ஓடுகிறவருக்குப் பரீக்ஷை செய்ய நேரமேது?

வெண்டை விதையை ஊன்றுமுன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்தால் முளை சீக்கிரம் வரும். டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சணப் பொடியைக் கிலோவிற்கு 4 கிராம் வீதம் விதையில் கலப்பது நாற்றழுகலைத் தடுக்கும். அதற்கு ஊறவைத்த விதையை முதலில் நிழலில் ஈரம் சுண்ட உலர்த்திக்கொள்ளவேண்டும்.

பொட்டலத்தின் மேலுள்ள அட்டையைப் படிக்காமல் வாங்குவது பெருந்தவறு. 1966-ம் வருஷத்து விதைச் சட்டத்தின்படி அதில் ரகத்தின் பெயர், குவியல் எண், பரிசோதித்த தேதி, காலாவதியாகும் தேதி, முளைப்பு சதவீதம், தூய்மை சதவீதம், நிகர எடை, விற்பவர் விலாசம் ஆகியவை இருக்கவேண்டும். நீல அட்டை சான்று பெற்ற விதைக்கு உரியது. சான்று பரிசோதனைத் தேதியிலிருந்து 9 மாதத்திற்குச் செல்லும். வெளிர்ப்பச்சை அட்டை, விற்பவர் தம் பொறுப்பில் உண்மை நிலை கூறி விற்கும் விதையைக் குறிக்கும். அட்டையே இல்லாத சில்லறைப் பொட்டலத்தை, அது எவ்வளவு மலிவாயினும், கடன் வாங்கி வாங்கலாகாது.

ஒட்டுரக விதை வாங்கியவர் அதன் காயிலிருந்து விதை எடுத்து அடுத்த வருஷம் விதைக்கக்கூடாது. அச்செடிகள் ஒன்றுபோல் இரா. சாதாரண ரகங்களில் விதை எடுக்கலாம். ஆனால் எடுக்கும் வழக்கத்தில் ஒரு பிழை ஊன்றிக்கிடக்கிறது. முதலில் வரும் நல்ல காய்களையெல்லாம் சந்தைக்கு அனுப்பிவிட்டு, செடி ஓய்ந்தபின் கடைசியாகத் தொங்கும் காய்களை விதைக்கு விடுகிறார்கள். கடைசிவரை நின்ற செடி, பெரும்பாலும் தாமதித்துக் காய்த்த செடி. வருஷந்தோறும் அவ்வாறே எடுத்துவந்தால், குடியானவர் தம்மையறியாமல் தாமதிக்கும் குணத்தையே பொறுக்கி வளர்த்தவராகிறார். 45 நாளில் காய்த்த வெண்டை சில வருஷங்களில் 55 நாளுக்குப் போய்விட்டது என்றால் மண்ணைக் குறைகூறிப் பயனில்லை. தேமல் இல்லாது, எல்லாவற்றுக்கும் முன்னே பூத்த இருபது முப்பது செடிகளுக்கு நூல் கட்டி அடையாளம் செய்து, அவற்றின் ஆரம்பக் காய்களையே முற்றவிடவேண்டும். வெண்டைக்காய் முற்றி உலரப் பூத்த பின் ஒரு மாதத்திற்கு மேல் செல்லுமாதலால், விதைச் செடிகள் கிணற்றுக்கு அருகே இருக்கட்டும். தேனீக்கள் மகரந்தத்தைக் கலப்பன. சான்று விதைக்கு மற்ற வெண்டை ரகத்திலிருந்து 200 மீட்டர் தூரம் விதித்திருக்கிறார்கள். அத்தனை தூரம் கிடைக்காத சிறு நிலத்தார், ஊரில் அனைவரும் ஒரே ரகம் போடுவதென்று பேசிக்கொள்வதே வழி.

பேசிக்கொள்வதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது, அது சங்கம். கடம்பத்தூருக்கு அதிக தூரமில்லாத திரூரில் 1904 ஆகஸ்டு 30-ந் தேதி பதிவான கூட்டுறவுச் சங்கமே இத்தேசத்தில் முதன்முதலில் ஏற்பட்ட கிராம நாணயச் சங்கமென்று கொள்ளப்படுகிறது. அச்சங்கங்கள் தோன்றியது வட்டிக்கடையிலிருந்து குடியானவரை மீட்பதற்கு. இன்று விதைக் கடையில் தனித்தனியே ஏமாறுவதிலிருந்து மீள்வதற்கும் அதே ஒற்றுமை பயன்படும். பத்துப் பேர் தனித்தனியாக 250 கிராம் பொட்டலம் வாங்குவதற்குப் பதில், சங்கத்தின் மூலம் ஒரே குவியல் எண்ணுள்ள விதையை மொத்தமாக வாங்கினால், ஒரே பரீக்ஷை பத்துப் பேருக்கும் போதும்; அரசாங்க விதைப் பரிசோதனை நிலையத்திற்கு மாதிரி அனுப்பும் சிரமமும் ஒருமுறைதான். காரியதரிசி ஒரு நோட்டில் அவ்வருஷம் யார், எந்த ரகத்தை, எந்தத் தேதியில் விதைத்து, எத்தனையாம் நாள் முதல் காய் பறித்தார், மதகில் தண்ணீர் என்று நின்றது என்பவற்றைக் குறித்துவைத்தால், மூன்று வருஷத்தில் எந்தப் பிரசுரத்திலும் கிடைக்காத கணக்கு அந்த ஊருக்குக் கிடைத்துவிடும். பயிர்க்கடன் மனுவை விசாரிக்கும் பஞ்சாயத்தாரும், மனுதாரர் போடவிருக்கும் காய்கறியின் நாளையும் அவர் நிலத்துத் தண்ணீரின் நாளையும் அருகருகே எழுதிப் பார்க்கலாம். கடன் கொடுக்க மறுப்பதற்காக அல்ல. 60 நாள் தண்ணீருக்குப் பாகல் போடுகிறவரைக் காராமணிக்குத் திருப்புவதற்காக.

இவ்வளவு செய்தும் விதை மோசம் போனால் என்ன செய்வது? விதைச் சட்டத்தின்கீழ் விதை ஆய்வாளரிடம் எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம். தவிர, விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோரே என்றும், விதைச் சட்டம் இருப்பதால் நுகர்வோர் மன்றத்தை அவர் நாடுவதற்குத் தடையில்லையென்றும் 2012-ல் தேசிய விதைக் கழகத்தின் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் எங்கு போனாலும் முதலில் கேட்கப்படுவது ரசீதும் அட்டையும்தான். விதைத்தவுடன் பொட்டலத்தைக் கிழித்து வரப்பில் எறிவது வழக்கமாயிருக்கிறது. ரசீது, அட்டை, ஒரு கைப்பிடி விதை ஆகிய மூன்றையும் ஒரு துணிப்பையில் கட்டி, விதைத்த தேதியைச் சீட்டில் எழுதி உள்ளே போட்டு, பருவம் முடியும்வரையில் சங்க அலமாரியில் வைத்திருக்கவேண்டும்.

மீந்த விதையைப் பற்றி ஒரு வார்த்தை. பழங்காலத்துப் பெண்கள் சுரைக்குடுக்கையில் சாம்பல் கலந்து அடைத்ததும், பூசணி விதையைச் சாணத்தில் பதித்துச் சுவரில் அப்பியதும், அவரை நெற்றை அடுப்பங்கரைப் புகையில் தொங்கவிட்டதும் ஈரத்தையும் பூச்சியையும் விலக்குவதற்கே. விதையின் ஈரம் நூற்றுக்கு ஒன்று குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது விதை நூலார் கண்ட கணக்கு. காலை வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, ஆறவிட்டு, காற்றுப் புகாத டப்பியில் அடைத்துக் குளிர்ந்த இடத்தில் வைத்தால் வெண்டையும் கத்தரியும் அடுத்த வருஷத்திற்கும் உதவும். வெங்காய விதையை மட்டும் அவ்வாறு நம்பி வைக்கலாகாது; அது ஒரு வருஷத்திற்குள் பெரும்பாலும் முளைப்பை இழந்துவிடும். எந்த விதையாயினும், டப்பியைத் திறந்த அன்று மறுபடியும் நூறு எண்ணித் துணியில் சுருட்டிப் பார்த்த பிறகே வயலுக்கு எடுத்துச் செல்லவேண்டும்.